ஆட்டுப் புழுக்கையும் என் நைலான் காலுறையும்

என் கணவர் செப்டிமஸ் ரட்டரைப் பற்றி எங்கள் சுரங்க ஊரில் யாரைக் கேட்டாலும், தங்கமான மனிதர் என்பார்கள். அந்தத் தங்கத்தைத் துவைத்துக் காயப்போட்டவள் நான். சட்டைப் பையில் ஆட்டுப் புழுக்கை, கால்சட்டை மடிப்பில் மீன் செதில், நகக்கண்ணில் கசாப்புக் கடை ரத்தம். முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு ஒரே கட்டிலில் படுத்தவள். குளித்துவிட்டு வந்தாலும் அவர் மேல் ஒரு வாடை இருக்கும். என்ன வாடை என்று விவரமாகச் சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

எல்லாம் லீக்ஸுக்காக. வெங்காயத்துக்குத் தடித்த ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்குமே, அந்தச் செடிதான். மற்ற ஊர்களில் அதைச் சூப்பில் போடுகிறார்கள். எங்கள் நார்தம்பர்லாந்துச் சுரங்க ஊர்களில் அதற்குப் போட்டி வைக்கிறார்கள். செப்டம்பரில் கிளப் மண்டபத்தில் மேசைகளைப் போட்டு, கறுப்புத் துணி விரித்து, ஆளுக்கு மூன்று லீக்ஸைக் கிடத்துவார்கள். போட்டிக்கு முந்தின நாள் செப் அவற்றை என் குளியல் தொட்டியில் போட்டு, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது போலப் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கழுவுவார். எங்கள் மகள் பிறந்தபோது அவளை இரண்டு தடவை தூக்கியிருப்பார். ஜெயித்தால் பரிசாக வீட்டுச் சாமான் கொடுப்பார்கள். எங்கள் கட்டில், துணி அலமாரி, சுவரில் தொங்கும் மான் படம் எல்லாம் லீக்ஸ் சம்பாதித்தவை.

செப் அவருடைய வீட்டில் ஏழாவது பிள்ளை. பெயர் யோசித்துக் களைத்துப்போன அவருடைய அப்பா, ஏழாவது என்று பொருள் வரும் பெயரையே வைத்துவிட்டார். பதினாலு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். ஐம்பது தாண்டியதும் நுரையீரலில் கரித்தூள் அடைத்துவிட்டது என்று மேலே அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, அந்த மான் படத்தைப் பார்ப்பது போல நடிப்பார். மூச்சு வாங்குகிறது என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"நல்ல மானு கண்ணு இது," என்பார் இரைப்போடு.

"ஆமா, இன்னிக்குத்தான் புதுசா வந்திருக்கு பாரு," என்பேன் நான்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் எல்லாப் பெண்களையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் கொஞ்சலும் கிடையாது, குழைவும் கிடையாது.

மற்ற தோட்டக்காரர்கள் இலை உதிரத் தொடங்கியதும் மண்வெட்டியைக் கழுவி எண்ணெய் தடவித் தொங்கவிட்டுவிடுவார்கள். லீக்ஸ்காரனுக்கு அப்போதுதான் வருஷம் பிறக்கிறது. போட்டி முடிந்த மறுநாள் கிளப்பில் அந்த லீக்ஸையெல்லாம் வெட்டிக் கஞ்சி காய்ச்சி ஊருக்கே ஊற்றுவார்கள். நான் தொட்டதில்லை. அது என்ன குடித்து வளர்ந்தது என்று எனக்குத் தெரியும். ஆகச் சிறந்த நாலைந்தை மட்டும் வெட்டாமல் கொண்டுவந்து, மண் நிரப்பிய தொட்டியில் திரும்ப நட்டுவைப்பார் செப். அவை தாய் லீக்ஸ். அடுத்த வருஷம் பூத்து, பூத்தலையில் மயிர் மயிராகக் குட்டிச் செடிகள் விடும். அதற்குப் புல் என்று பெயர். அந்தப் புல்லிலிருந்துதான் அதற்கடுத்த போட்டி.

பிறகு ஊரோரத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்துண்டில் பாத்தி வேலை. இரண்டு மண்வெட்டி ஆழத்துக்குத் தோண்டிப் புரட்ட வேண்டும். பனி வந்து கட்டிகளை உடைக்கட்டும் என்று குவித்துவிட வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. மூலையில் ஒரு பீப்பாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயத்துக்குக் கிளம்பினால் செப் சாக்குப் பையோடு மலைப்பக்கம் கிளம்புவார், ஆட்டுப் புழுக்கை பொறுக்க. அதை என் நைலான் காலுறைக்குள் திணித்து, முடிச்சுப் போட்டு, டீத்தூள் பை மாதிரி பீப்பாய்த் தண்ணீரில் தொங்கவிடுவார். கிழிந்த காலுறையாக இருந்தாலாவது பொறுத்திருப்பேன். என் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய ஜோடி அது! அந்தத் தண்ணீரில் கசாப்புக் கடை ரத்தம் ஒரு வாளி, துறைமுகத்திலிருந்து மீன் தலை, புகைபோக்கிக் கரி. போதாததற்குக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பக்கெட் வேறு. கிளப்பில் குடித்த பியர் வீணாகப் போகக்கூடாதாம். அந்தப் பக்கெட்டைச் செப் மூடியும் போடாமல் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு சொல்லிக்கொண்டு போவார்.

அந்த வருஷத்துப் பூத்தலைகளை அறுத்து, காய, எங்கள் துணி அலமாரிக்குள் தலைகீழாகக் கட்டிவிடுவார். பக்கத்தில் என் கோட்டு. குளிர்காலம் பூராவும் தேவாலயத்தில் என் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

டிசம்பர் வந்ததும் புல் பிரிக்கும் வேலை. மூக்கு மயிர் பிடுங்குகிற சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மணல் தட்டில் நட்டு, தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகையில் வைப்பார். வெயில் வரும்வரை ஒவ்வொரு சாயந்திரமும் அங்கே மண்ணெண்ணெய் ஹீட்டர் பற்றவைக்க வேண்டும், ஒவ்வொரு விடியலிலும் போய்த் திரி வெட்ட வேண்டும். ஒரு நாள் குளிர் பட்டாலும் அது போட்டிக்கு ஆகாது. என் படுக்கையறை ஜன்னலில் உள்பக்கம் பனி உறைந்து கிடக்கும். லீக்ஸுக்கு ஹீட்டர்.

இதில் சிரிப்பு என்னவென்றால், அந்த வித்து என் அப்பாவுடையது. அவர்தான் எங்கள் கல்யாணத்துக்குச் சீராக ஒரு சுருட்டுப் பெட்டியில் ஈரப்பாசி வைத்து, அதில் புல்லை அடுக்கிக் கொடுத்தார். மற்றப் பெண்களுக்குப் போர்வையும் பாத்திரமும் வந்தன. செப் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு கண் கலங்கினார். அன்றைக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்களா, புல்லைக் கட்டிக்கொடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

ஒரு வருஷம் போட்டிக்கு முந்தின வாரம் யாரோ வேலி தாண்டி வந்து, செப்பின் லீக்ஸையெல்லாம் கத்தியால் கீறிப் போட்டுவிட்டார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அது எங்கள் ஊரில் நடக்கிறதுதான். அதற்குப் பிறகு செப் கொட்டகைக்கு இரண்டு பூட்டுப் போட்டார். சாவிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். சாவி என் முகத்தில் இடித்து எத்தனையோ தடவை தூக்கம் கலைந்திருக்கிறது.

இப்படி இருக்கையில்தான் ஒரு டிசம்பரில், புல் பிரித்து முடித்த கையோடு, டாக்டர் அவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். குளிர்காலம் முடிகிறவரை இவர் நெருப்புப் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. பனிக்காற்றும் மண்ணெண்ணெய்ப் புகையும் பட்டால் வசந்தத்தைப் பார்க்கமாட்டார். நான் வீட்டுக்கு வந்து நல்ல நாற்காலியை இழுத்துக் கணப்புப் பக்கத்தில் போட்டேன். மெத்தை வைத்தேன். கம்பளி போட்டேன். மறுநாள் சாயந்திரம் பார்த்தால் ஆள் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

"யோவ், டாக்டரு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சு கண்ணு."

"என்ன சொன்னாரு?"

"நெருப்புக்கிட்ட உக்காரச் சொன்னாரு."

"அப்புறம் எதுக்கு பூட்ஸ மாட்டுற?"

"என்னைத்தான் உக்காரச் சொன்னாரு. ஹீட்டரை யாரு பத்த வெக்கிறதுன்னு சொல்லலியே."

அடுத்த தோட்டத்துண்டு கிளெம் ஹெப்பிளுடையது. செப்போடு ஒன்றாகச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். விஷயம் கேள்விப்பட்டு அவனே வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றான்.

"செப், சாவிய எங்கிட்ட குடு. சாயந்திரம் நான் பத்த வெச்சிட்டு, காலையில திரி வெட்டிர்றேன். நீ கால நீட்டி உக்காரு. என்ன இப்ப?"

செப்பின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. "வேணாம் கிளெம். உனக்கெதுக்கு வீண் சிரமம்."

அவன் போனதும் நான் குதித்தேன். "ஏன்யா, அவன்தான் செய்யிறேன்றான்ல?"

"நல்ல மனசுதான் கிளெமுக்கு. ஆனா கொட்டகைக்குள்ள தனியா விட்டா பத்து புல்லு பாக்கெட்டுல போயிரும்."

"போனாப் போகுது! முந்நூறு வெச்சிருக்கியே!"

தேவாலயத்தில் கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "என்ன பேசற நீ? உங்கப்பன் வித்து அது."

"சரி, எங்கப்பன் வித்துதானே? எங்கிட்ட குடு சாவிய. நான் போயிப் பத்த வெக்கிறேன்."

"நீயா?" சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "உன் மூஞ்சியப் பாத்தாலே அதுங்க வாடிரும், கண்ணு."

எனக்கும் கொடுக்கவில்லை. கட்டின பெண்டாட்டியை நம்பி ஒரு தீக்குச்சி கிழிக்கக் கொடுக்காத மனிதர் அவர். அப்போது எனக்கு வந்தது கோபமில்லை. குமட்டல்.

அதனால் பின்வாசல் வழியாக கிளெமையும், லீக்ஸ் கிளப் தலைவன் ஹெட்லி சார்ல்டனையும் வரச் சொன்னேன். இந்த ஒரு வருஷம் போட்டி வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார், தயவுசெய்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. ஹெட்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத ஐனா, மனுஷன் உசுரு முக்கியமா, லீக்ஸ் முக்கியமா?" என்றான். ரொம்ப நிம்மதியாக இருந்தது. டீ போட்டேன். இருவரும் கணப்புப் பக்கத்தில் செப்புக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

ஹெட்லி என் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "வாரக் கடைசியில பனி கடுமையாம் செப். ரேடியோவுல சொன்னான்," என்றான்.

"பச்சப் புல்லு தாங்காது," என்றான் கிளெம்.

"போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் அசந்து தூங்கிட்டான். அத்தனையும் போச்சு."

"பாவம்."

செப் கம்பளியை விலக்கிவிட்டு பூட்ஸைத் தேடினார். அவர்களுக்குச் செப் பிழைக்க வேண்டும் என்று ஆசை இல்லாமலில்லை. ஆனால் அந்த வித்து அதைவிடப் பிழைக்க வேண்டும். வருஷம் தவறாமல் செப் ஆளுக்கு ஐந்தாறு புல் கொடுப்பார், அதுவும் நோஞ்சானாகப் பார்த்து. அதற்குத்தான் இந்த நட்பு. நான் டீக் கோப்பைகளை எடுத்துப்போய் இரண்டு தடவை கழுவினேன். அவர்கள் வாய் பட்ட இடத்தைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன்.

ஜனவரியில் அந்தப் பனி வந்தது. சாயந்திரம் செப் கிளம்பும்போது நான் கதவை மறித்து நின்றேன். என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்திவிட்டுப் போனார். பலமாகத் தள்ளக்கூட மூச்சு இல்லை அவரிடம். தேநீர் ஆறியும் ஆள் வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கொட்டகைக் கதவு திறந்திருந்தது. ஹீட்டர் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அடுக்களை மாதிரி கதகதப்பு. தட்டுகளுக்கு நடுவே அவர் முகம் குப்புறக் கிடந்தார், வாயில் மணல் ஒட்டியிருந்தது. ஒரு புல்லின் நுனிகூட வாடவில்லை. தளதளவென்று நின்றன.

நான் அழுதேன். அழுதுகொண்டே ஹீட்டரை உதைத்தேன்.

மறுநாளே கிளெம் வந்தான், அவன் மனைவி சுட்ட இறைச்சிப் பலகாரத்தோடு. செப்பின் தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்தான். வாசல்வரை போய்த் திரும்பி, "ஹீட்டரு... இன்னிக்கு யாரு பத்த வெக்கிறா, கண்ணு?" என்றான்.

அதற்கடுத்து ஹெட்லி. கிளப்பின் மலர்வளையத்தோடு வந்தான். நடுவில் வெள்ளைப் பூவால் லீக்ஸ் உருவம் செய்திருந்தார்கள். என்னைத் தனியாக அழைத்து, "செப் என் கையப் புடிச்சுச் சொன்னான் ஐனா. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வித்து உனக்குத்தான்னு," என்றான். "கிளெம் வந்து கேப்பான். நம்பாத."

"அவன் வந்தான். உன்னை நம்பாதன்னான்," என்று நானும் ஒன்றை அளந்துவிட்டேன்.

இருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவேயில்லை. கண் என் கழுத்தில் இருந்தது. செப்பின் சாவிக்கயிறு இப்போது அங்கே இருந்தது.

அடக்கத்தன்று காலையில் நான் கொட்டகைக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அந்தப் பூட்டுகளை நான் என் கையால் திறந்தது அதுதான் முதல் தடவை. தாய் லீக்ஸைத் தொட்டியிலிருந்து பிடுங்கினேன். என் முழங்கை தடிமன். புல்லைத் தட்டுத் தட்டாகக் கையால் வழித்தேன். கூடையில் போட்டு, மேலே துணி மூடி, தெரு வழியாக நடந்தேன். எதிரே வந்தவர்களுக்கு வணக்கமும் சொன்னேன். வீட்டில் ஏழெட்டுத் தண்ணீர் மாற்றிக் கழுவினேன். அப்போதும் என் கைக்கு அந்தப் பீப்பாய் வாடை அடித்தது. மாட்டுக் கொழுப்பும் மாவும் பிசைந்து, உள்ளே தாய் லீக்ஸை வெட்டிப் போட்டு, துணியில் இறுகக் கட்டிப் புட்டிங் வேகவைத்தேன். புல்லைப் பொடியாக நறுக்கி முட்டையோடு பிசைந்து சாண்ட்விச் செய்தேன். அடக்கத்துக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்புவதா?

புதைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். ஹெட்லி இரண்டாம் தடவை புட்டிங் போட்டுக்கொண்டான். "ஐனா, இந்த மாதிரி இனிப்பான லீக்ஸ் நான் சாப்பிட்டதே இல்ல," என்றான். கிளெம் கையில் முட்டை சாண்ட்விச்சோடு என் பக்கம் நகர்ந்து வந்தான்.

"கண்ணு, நான் ஒரு எட்டு போயி ஹீட்டரப் பாத்துட்டு வந்துரட்டுமா? செப்புக்காகத்தான்."

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் நன்றிகூடச் சொல்லவில்லை, ஓடினான். ஹெட்லி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போகப் பார்த்தான். அதற்குள் கிளெம் திரும்பிவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"கொட்டகை காலியா கெடக்கு! எவனோ பூந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்!"

"போலீஸக் கூப்பிடு," என்றான் ஹெட்லி.

"யாரும் பூரல," என்றேன். "சாண்ட்விச் எப்பிடியிருக்கு கிளெம்?"

கிளெம் கையிலிருந்ததைப் பார்த்தான். பாதி கடித்திருந்தான். ரொட்டியைப் பிரித்தான். முட்டைக்கு நடுவே பச்சைப் பச்சையாக இருந்தது. ஹெட்லி மெல்லுவதை நிறுத்தினான், வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை.

"முப்பது வருஷத்து வித்து, ஐனா!" கிளெமுக்குக் குரல் உடைந்தது. செப்புக்காக அப்படி உடையவில்லை. "இந்தச் சீமையில வேற எங்கயும் கெடையாதே!"

"செப்பு அம்பத்தெட்டு வருஷத்து மனுஷன். அவரும் வேற எங்கயும் கெடையாது. அவரு எப்பிடிச் செத்தாருன்னு உங்கள்ல ஒருத்தன் கேட்டீங்களா? சாவியத்தானடா கேட்டீங்க!"

பிறகு கிளெமுக்கு ஏதோ தோன்றியது. ஹெட்லிக்கும் அதே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். அடிக்கட்டை வேரோடு ஒன்று கிடைத்தால் போதும், திரும்ப முளைக்க வைத்துவிடலாம். இருவரும் இடித்துக்கொண்டு என் அடுக்களைக்குள் போனார்கள். அங்கே பன்றிக்குப் போடுகிற கழிவு வாளி இருந்தது. அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு மண்டியிட்டு, முழங்கைவரை கைவிட்டு, முட்டை ஓட்டையும் டீச் சக்கையையும் துழாவினார்கள். ஹெட்லியின் வாயோரத்தில் புட்டிங் ஒட்டிக்கொண்டிருந்தது. துழாவும்போதுகூட ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மற்றவன் ஏதாவது எடுத்து ஒளித்துவிடுவானோ என்று. நான் கதவருகில் நின்று கொஞ்ச நேரம் அவர்களைத் தேடவிட்டேன்.

"அங்க இல்ல," என்றேன் கடைசியில். "வேரெல்லாம் காலையிலேயே நெருப்புல போட்டுட்டேன்."

முன்னறைக்கு வந்தேன். எல்லாரும் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கணப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செப்புக்காகப் போட்ட நாற்காலி, மடித்த கம்பளியோடு. அந்தக் குளிர்காலத்தில் ஒரு சாயந்திரம்கூட அவர் அதில் முழுசாக உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். தட்டில் மிஞ்சிக் கிடந்த சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த லீக்ஸைத் தின்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.